சூப்பர்வைசருக்கு உடம்பு சரியில்லை

6ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் போட்ட சத்தத்திலேயே உன் உடம்பில் தெம்பு குறையவில்லை என்று தெரிந்துகொண்டேன். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை நீ முடித்து வைக்கிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி முக்கியமான விஷயம் எல்லாம் இப்படித்தான். நிதானமாக உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. முப்பதாம் தேதி வண்டியோடு வருகிறாய். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கண்டக்டரிடம் கொடுக்கிறோம். தையல் மெஷினை உன் சிநேகிதன் கொண்டுபோகிறான். நான் உன் வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து மிச்ச காலத்தை ஓட்டுகிறேன். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடு என்றுதான் சொல்ல வந்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டாய்.

காரணம் சூப்பர்வைசர். அவளுக்கு உடம்பு சரியில்லை.

இருக்கிற மூன்று கோழிகளில் அந்தச் செம்பட்டை நிறத்துக்காரி. நான் துணிக் கம்பெனியில் இருந்தபோது எங்கள் வரிசைக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தாளே, அவளைப் போலவே கழுத்தை நீட்டி, ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டு, எதுவுமே சரியில்லை என்கிற மாதிரி நகர்ந்து போவாள். முட்டை மட்டும் நாள் தவறாமல் வைப்பாள். அந்த விஷயத்தில் அந்த மனுஷியைவிட இவள் மேல்.

சனிக்கிழமை காலை கூண்டைத் திறந்ததும் மற்ற இரண்டும் ஓடி வந்தன. இவள் மூலையில் இறக்கையைத் தொங்கப் போட்டு நின்றாள். தூக்கிப் பார்த்தேன். கழுத்தடியில் நெஞ்சின் வலப்பக்கம் ஒரு பந்து. கோழி விழுங்கும் தீனி நேரே வயிற்றுக்குப் போகாது. முதலில் கழுத்தடியில் ஒரு பையில் தங்கும். தீனிப்பை என்பார்கள். அந்திக்கு உப்பியிருந்தாலும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, விடியும்போது இருக்கிற இடம் தெரியாமல் தட்டையாகிவிட வேண்டும். இவளுக்கு விடிந்த பிறகும் கல்லாக இருந்தது.

முந்தின நாள் காலையிலேயே அவளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடது கையால் தடவியதுதான் தப்பு. போன வருஷம் மெஷின் ஊசி நகத்தோடு இறங்கிய விரலுக்கு நுனியில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம். சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். அன்றைக்கு நான் மயங்கி விழுந்து, பேப்பர் போட வந்த பெண் பார்க்கும்வரை தரையிலேயே கிடந்ததும், நீ ஓடி வந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக மெஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றி உன் பையில் போட்டுக்கொண்டு போனதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெல்ட் இல்லாத மெஷின் வெறும் மேஜை. மேலே போர்வை போர்த்தியிருக்கிறேன். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கண்டக்டர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகியும் அந்தக் குரல் மட்டும் இறங்கவில்லை. கோழியைப் பார்த்த உடனே, “காலைப் புடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டு ஒரு அமுக்கு அமுக்குங்க, எல்லாம் வெளிய வந்துடும்” என்று கையை நீட்டினார். நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். தீவனக் கடைக்காரர் எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். தலைகீழாகப் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் கோழி அங்கேயே செத்துவிடுமாம். கண்டக்டர் அடுத்த யோசனையையும் தயாராக வைத்திருந்தார். இன்றைக்கே சமைத்துவிட வேண்டுமாம், நாளைக்கு என்றால் அதற்கும் உதவாதாம். போன மாசம் நீங்கள் பத்து நாள் இருமியபோது நாங்கள் யாராவது இப்படி யோசனை சொன்னோமா என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தீவனக் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். தனியாக ஒரு கூடையில் விடு, தானியத்தைக் கண்ணில் காட்டாதே, தண்ணீர் மட்டும் வை, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பந்தை மெதுவாகப் பிசைந்து கொடு, இரண்டு நாளில் இளகாவிட்டால் டாக்டரிடம் போ என்றார். என்ன தின்றது என்று கேட்டார். பின்புறச் சுவரோரம் புல் நீளமாக வளர்ந்திருக்கிறது, அதைத்தான் தின்றிருக்கும் என்று சொன்னேன்.

இரண்டு நாளாக அதே வேலை. மடியில் துண்டை விரித்து அவளை உட்கார வைத்து, வலது கையால் பிசைகிறேன். முதல் நாள் என்னை நாலு கொத்து கொத்தினாள். இன்றைக்குக் கொத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாளைக் காலையும் பந்து இளகாவிட்டால் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு கோழிக்காகவா என்று சிரிப்பாய். சிரி. ஆனால் அவள் தேறும்வரை நான் இந்த வீட்டைப் பூட்ட மாட்டேன். கண்டக்டர் தினமும் உனக்கு என்னைப் பற்றிச் செய்தி சொல்வது எனக்குத் தெரியும். அந்த மனுஷன் ரகசியம் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். இதையும் அவர் சொல்லியிருப்பார். இருந்தாலும் நானே சொல்வதுதான் முறை.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பேச்சைத் தட்டாத அம்மா


10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

உன் பதில் கிடைத்தது. காகிதத்தில் வரவில்லை, கண்டக்டர் வாயில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அப்படியே ஒப்பித்தார். “ஒரு கோழிக்காகத் தேதிய மாத்த முடியாது, அம்மாவுக்கு வேணும்னா நூறு கோழி வாங்கித் தரேன்னு சொல்லச் சொன்னாரு” என்றார். நூறு கோழியை நான் கேட்கவில்லை. இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் எழுதினேன். இப்போதும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், முழுதும் படி. நடுவில் எழுந்து போகாதே.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வாயிலிருந்து புளித்த வாடை வந்தது. பந்து துளிகூட இறங்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. துணி துவைத்துப் போடும் கூடையில் அவளை வைத்துத் துண்டால் மூடித் தெருவுக்கு வந்தேன். கண்டக்டர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏறுங்க” என்றார். சமைக்கச் சொன்ன மனுஷன்தான். வழியில் ஒரு பள்ளத்திலும் வண்டியை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் விவரம் கேட்டார். கோழி, வயது, என்ன தொல்லை. பிறகு உரிமையாளரின் தொழில். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர், “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்றார். சீட்டில் அப்படியே எழுதினார்கள். சும்மா. நான் அந்தச் சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மூன்று நாள் நான் பிசைந்தும் இளகாத பந்தை அரை நிமிஷம் தொட்டுப் பார்த்தாள். தீனிப்பை வெறுமனே புளித்துப் போயிருந்தால் தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருக்குமாம், மருந்திலேயே சரியாகிவிடுமாம். இது அப்படி இல்லையாம். உள்ளே ஏதோ சிக்கி அடைத்திருக்கிறது, கீறி எடுத்தால்தான் உண்டு, எடுத்தாலும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றாள். நாய்க்கும் ஆட்டுக்கும் நிறையச் செய்திருக்கிறாளாம். கோழிக்குத் தீனிப்பையைக் கீறுவது இதுதான் முதல் தடவையாம், படிக்கும்போது ஒரு முறை பார்த்ததோடு சரி. மறைக்காமல் சொன்னதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. செய்ம்மா என்றேன்.

உதவிக்கு இருக்கிறவர் அன்றைக்கு லீவு. தகர மேஜையில் நான் இறக்கையைப் பிடித்தேன், கண்டக்டர் காலைப் பிடித்தார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தான் ஓடிய ரூட்டின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, இறகைப் பிடுங்கி, தோலைக் கீறி, அதற்கடியில் பையைக் கீறினாள். முதலில் புல் வந்தது. பிறகு அவள் இடுக்கியால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. பின்னிப் போட்ட சடை மாதிரி ஒரு முழ நீளத்துக்கு நூல். வானநீல நூல். அதில் சிக்கிக்கொண்டு ஒரு சட்டைப் பொத்தானும் வந்தது.

இவ்வளவு நூலைக் கோழி எங்கே தின்றது என்று டாக்டர் பெண் கேட்டாள். கண்டக்டர் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்தார். நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நூல்தான் என்றேன்.

மகனே, போன கடிதத்தில் புல் என்று எழுதினேன். பொய். பெல்ட் இல்லாத மெஷின் வெறும் மேஜை என்று எழுதினேன். அதுவும் பொய். நீ ஊருக்குப் போன நாலாம் நாளே புது பெல்ட் வாங்கி மாட்டிவிட்டேன். பின்தெருவில் நர்ஸ் படிக்கும் பெண்களின் ஹாஸ்டல் இருக்கிறதல்லவா, அவர்களுக்கு யூனிபார்ம் மூன்று அளவில் வருகிறது. மூன்றுமே யாருக்கும் பொருந்தாது. ஒருத்திக்குத் தோள் தொங்குகிறது, இன்னொருத்தியால் குனிந்து நோயாளியைத் தூக்க முடியவில்லை. ஒருத்தி வந்தாள். பிறகு பதினொரு பேர் வந்தார்கள், பின்வாசல் வழியாக. பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். முன்கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு.

பிரித்துத் தைத்தால் நூல் நீளநீளமாக விழும். உனக்குத் தெரியாததா, அந்த நூலில் விளையாடி வளர்ந்தவன்தானே நீ. குப்பை வண்டி வரும்போது என் வாளியில் நூல் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கண்டக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் வாளியில் போடாமல் பின்புறச் சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். கோழி வளர்க்கிற வீட்டில் மண்ணுக்கடியில் ஒன்றை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தவள் உலகத்திலேயே உன் அம்மா ஒருத்திதான். மூன்றும் சேர்ந்து கிளறியிருக்கின்றன. சூப்பர்வைசர்தான் பரிசோதித்து விழுங்கியிருக்கிறாள்.

தைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை. ஒளித்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன். முப்பது வருஷம் தைத்த கை ஒரு துண்டு நூலைக்கூடத் தரையில் விட்டதில்லை. திருடி மாதிரி தைத்ததால்தான் அந்த வாயில்லா ஜீவன் மேஜையில் கிடந்தது. நீ பயமுறுத்தினாய், நான் பயந்தேன், அவள் அனுபவித்தாள்.

கீறியதைத் தைக்கும் நேரம் வந்தது. வளைந்த ஊசியில் மெல்லிய நூலைக் கோக்க வேண்டும். டாக்டர் பெண்ணின் கை நடுங்கியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நேரமாக ஆகக் கோழிக்கு ஆபத்து என்று அவளே சொன்னாள். கையைக் கழுவிவிட்டு வந்து கொடும்மா என்றேன். உன் கணக்கில் கண் தெரியாத, கை நடுங்குகிற உன் அம்மா முதல் தடவையிலேயே கோத்தாள். இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டுமாம், உள்ளே பை தனி, மேலே தோல் தனி. தைத்தது அவள்தான். நூலைக் குட்டையாகப் பிடி, இழுக்காதே, புண்ணின் வாய் சுருங்கும் என்று மட்டும் சொன்னேன். சரிங்கம்மா என்று சொல்லிக்கொண்டே தைத்தாள்.

திரும்பும்போதும் கண்டக்டர் ஒரு பள்ளத்திலும் வண்டியை இறக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “நான் போன் பண்ணிச் சொல்லவா, இல்ல நீங்களே சொல்லிடுறீங்களா” என்றார். நான் எழுதுகிறேன் என்றேன். கடிதம் கிடைக்கும்வரை தான் வாயைத் திறப்பதில்லை என்றார். அவருக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உனக்குப் புரியும்.

சூப்பர்வைசர் உயிரோடு இருக்கிறாள். ஊற வைத்த தீவனமும் வேகவைத்த மஞ்சள் கருவும் ஒரு ஸ்பூன், மூன்று மணி நேரம் கழித்து ஒரு ஸ்பூன். இன்றைக்குக் காலை என்னை ஒரு கொத்து கொத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ கோபப்படுவாய். கோபப்படு. ஆனால் எழுதிக் கோபப்படு.

அம்மா


26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

எழுதச் சொன்னேன், நீ போனே செய்தாய். முதலில் கத்தினாய். அப்புறம் சொன்னாய், “நீ தரையில கிடந்தேன்னு போன் வந்தப்ப, பஸ்ஸில வர்ற வழி முழுக்க நான் என்னென்ன நெனச்சேன்னு உனக்குத் தெரியுமாம்மா” என்று. எனக்குத் தெரியாது. இத்தனை நாள் நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போனவனைத்தான் பார்த்தேன், அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்கவில்லை. அதற்கு அம்மாவை மன்னித்துவிடு.

ஆனால் முடிவு மாறவில்லை. நான் வரவில்லை. மெஷினையும் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. முதல் கடிதத்தில் தேதியைத் தள்ளிப் போடச் சொன்னேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். தேதியே வேண்டாம்.

உன் வீட்டில் என்ன குறை என்று கேட்பாய். ஒரு குறையும் இல்லை. கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கிறது. மருமகள் ஒரு டம்ளரைக்கூட என்னைக் கழுவ விடமாட்டாள், அவ்வளவு நல்ல பெண். போன தடவை பதினைந்து நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் உன் தலையணை உறைகளை எல்லாம் யாருக்கும் தெரியாமல் பிரித்துக் கையாலேயே மறுபடி தைத்தேன். அது உனக்கு இன்றுவரை தெரியாது. ஊசியைக் கையில் எடுக்காவிட்டால் எனக்கு நாளே விடிந்த மாதிரி இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை அதுதான்.

இனி சூப்பர்வைசர் விஷயம். இருபதாம் தேதி தையல் பிரிக்கப் போனோம். புண் நன்றாக ஆறியிருக்கிறது. ஆனால் இத்தனை நாள் பாரம் தாங்கியதில் பை நெகிழ்ந்து தொங்கிவிட்டதாம். தொங்கினால் தீனி இறங்காமல் அடியிலேயே தேங்கும், பழையபடி அடைத்துக்கொள்ளும் என்றாள் டாக்டர் பெண். வெளியூர்களில் இதற்கு ஒரு பட்டை இருக்கிறதாம், நெஞ்சில் கட்டிப் பையை மேலே தாங்கிப் பிடிக்க. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காதாம். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். அவள் வரைந்ததைப் பார்த்தால் கோழிக்கா குதிரைக்கா என்றே தெரியவில்லை. இருந்தாலும் எனக்குப் புரிந்துவிட்டது.

வரும்போது சீட்டு எழுதுகிறவரிடம் நின்றேன். தொழில் என்று இருக்கிற இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், திருத்துங்கள் என்றேன். “சும்மா”வை அடித்துவிட்டுத் தையல்காரி என்று எழுதும்வரை அங்கேயே நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு மாடு காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முன்கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்தேன். போர்வையை எடுத்து உதறினேன். மெஷினை வெளிச்சத்துக்கு, வாசலைப் பார்த்த மாதிரி நகர்த்தினேன். கண்டக்டர்தான் ஒரு பக்கம் பிடித்தார். சூப்பர்வைசருக்கு டேப் வைத்து அளவெடுத்தேன். டேப்பைக் கொத்திக்கொண்டே இருந்தாள். கழுத்துச் சுற்று, நெஞ்சுச் சுற்று, இறக்கைக்கு அடியில், முதுகுக்குக் குறுக்கே. பழைய பேப்பரில் வெட்டிப் பார்த்து, மிச்சமிருந்த யூனிபார்ம் துணியில் தைத்தேன். முன்பக்கம் பை உட்காரும் இடத்தைக் குழிவாக வைத்து, இரண்டு பட்டையை இறக்கைக்கு அடியில் விட்டு, முதுகில் குறுக்காகக் கொண்டுவந்து பிரஸ் பட்டன் வைத்தேன்.

முதலாவதைப் போட்டதும் ரிவர்ஸ் கியர் விழுந்தது போல் பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டி நின்றாள். கண்டக்டர் தன்னை அறியாமல் விசில் அடித்து, “போலாம் ரைட்” என்றார். சிரித்துச் சிரித்து என் வயிறு வலித்தது. ரொம்ப இறுக்கம். இரண்டாவது தொளதொளவென்று கழுத்தில் ஏறிக்கொண்டது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது, உள்ளே ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. பத்து நிமிஷம் முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பட்டையோடு தெருவில் இறங்கி, எல்லோர் வீட்டு வாசலையும் பரிசோதித்துவிட்டு வந்தாள்.

இன்றோடு ஐந்து நாள். ஐந்து நாளும் விடிந்ததும் முதல் வேலையாக வலது கையால் தொட்டுப் பார்க்கிறேன். தட்டையாக இருக்கிறது. டாக்டர் பெண் இன்னும் இரண்டு கோழிகளுக்கு அளவு எழுதி அனுப்பியிருக்கிறாள். ஹாஸ்டல் பெண்கள் இப்போது முன்வாசல் வழியாக வருகிறார்கள்.

நீ தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஆபத்து என்று கண்டால் மெஷினை நிறுத்தச் சொல்வது உன் வேலை. உன் பாஷையிலேயே சொல்கிறேன், கேள். ஊசிக்கு முன்னால் விரல் போகாதபடி கம்பிக் காப்பு போட்டிருக்கிறேன். மெஷினுக்கு நேர் மேலே புது விளக்கு. ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாய்மானம் உள்ள நாற்காலி. இடது கையால் துணியை மட்டும்தான் நகர்த்துவேன், ஊசிப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். போன் எப்போதும் இடுப்பில் இருக்கும். வெட்டு நூல் மூடி போட்ட டப்பாவில். கண்டக்டர் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். அவர் உனக்குச் சொல்லும் செய்தியை இனி என் எதிரிலேயே நின்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சொல், செய்கிறேன். நிறுத்து என்று மட்டும் சொல்லாதே, நிறுத்த மாட்டேன்.

இதற்குப் பிறகும் ஒரு நாள் ஏதாவது நடக்கலாம். நடக்காது என்று நான் சத்தியம் செய்யவில்லை. கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கலாம். நடந்தால் நீ ஓடி வருவாய் என்று எனக்குத் தெரியும். அந்த பஸ்ஸில் நீ என்ன நினைப்பாய் என்றும் இப்போது தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், என்னை இங்கேயே விடு.

முப்பதாம் தேதி வா. மருமகளையும் அழைத்து வா. வண்டி காலியாகத்தான் திரும்பும், அதனால் சின்ன வண்டியே போதும். இரண்டு நாள் தங்கு. தெருமுனையில் இறங்கும்போதே மெஷின் ஓடும் சத்தம் உனக்குக் கேட்கும். கேட்டால் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வா, ஓடி வராதே. ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்காது. அன்றைக்குப் பயப்படு ராஜா, அதுவரை பயப்படாதே.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உன் அம்மா